ஜேம்ஸ் ஜாய்ஸ்: எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது?

ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய கதைப் புத்தகங்கள் நான்கே நான்கு. 1914இல் 'டப்ளினர்ஸ்' என்ற சிறுகதைத் தொகுப்பு, 1916இல் 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்', 1922இல் 'யுலிசிஸ்', 1939இல் 'ஃபின்னெகன்ஸ் வேக்'. இவை போகக் கொஞ்சம் கவிதை, ஒரு நாடகம். நாலு புத்தகம்தானே, எதில் ஆரம்பித்தால் என்ன என்று தோன்றும். ஜாய்ஸ் விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியாது. பொருந்தாத இடத்தில் ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அப்புறம் அவர் பக்கமே திரும்புவதில்லை.

நானும் அப்படி நின்றவன்தான். கல்லூரி முடித்த வருடம் நேராக 'யுலிசிஸ்' வாங்கினேன். மூன்றாவது அத்தியாயத்தில் நின்றேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி எடுத்தேன், அதே அத்தியாயத்தில் நின்றேன். பிறகு வேறொரு வழியாக உள்ளே போய், அந்த நாவலை முழுதாகப் படித்து, இன்றுவரை அடிக்கடி எடுத்துப் பார்க்கிற புத்தகமாக அது ஆகிவிட்டது. நடுவில் வீணாய்ப் போன வருடங்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் எந்த வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஜாய்ஸிடம் வாழ்க்கையையும் எழுத்தையும் பிரித்து வைக்க முடியாது. 1882 பிப்ரவரி 2ஆம் தேதி டப்ளினில் பிறந்தார். அப்பா ஜான் ஜாய்ஸ் வரி வசூலிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். நல்ல பாட்டுக்காரர், நல்ல பேச்சுக்காரர், கையில் காசு தங்காதவர். வேலை போனது, சொத்து அடமானத்தில் போனது, குடும்பம் வீடு மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வீடும் முந்தையதைவிட மோசம். ஆறு வயதில் கிளாங்கோஸ் வுட் என்ற பெரிய ஜேசுயிட் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்ட பையன், பணம் கட்ட முடியாமல் அங்கிருந்து நிறுத்தப்பட்டான். பிறகு பெல்வெடியர் பள்ளியில் பாதிரியார்களின் தயவில் சம்பளம் இல்லாமல் படித்தான். 1902இல் பட்டம். மருத்துவம் படிப்பதாகச் சொல்லிப் பாரிஸுக்குப் போனார். அம்மா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்து 1903இல் திரும்பினார். அந்த ஆகஸ்டில் அம்மா இறந்தார். 1904 ஜூனில் நோரா பார்னக்கிளைப் பார்த்தார்; கால்வேயிலிருந்து வந்து டப்ளினில் ஒரு ஓட்டலில் வேலை செய்த பெண். அக்டோபரில் இருவரும் கப்பலேறினார்கள். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது.

அதற்குப் பிறகு போலா, ட்ரியெஸ்ட், ரோம், சூரிச், பாரிஸ் என்று வாழ்ந்தார். 1912க்குப் பிறகு அயர்லாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. 1941 ஜனவரி 13 அன்று சூரிச்சில் இறந்தார். ஆனால் எழுதியது முழுக்க டப்ளினைப் பற்றி. விட்டுவந்த ஊரின் தெரு, கடை, சாராயக்கடை, பாட்டு, சாவு எல்லாவற்றையும் தூரத்தில் உட்கார்ந்து திரும்பக் கட்டினார். 'யுலிசிஸ்' எழுதும்போது டப்ளினில் இருந்த தாய்மாமாவின் மனைவி ஜோசஃபினுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார்: எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீட்டில், ஒரு சாதாரண ஆள் வெளி இரும்புக் கம்பி வேலியைத் தாண்டி, கையால் பிடித்துத் தொங்கி, அடிபடாமல் கீழே குதிக்க முடியுமா? நாவலின் கடைசிப் பகுதியில் அதன் நாயகன் ப்ளூம் அப்படித்தான் தன் வீட்டுக்குள் போகிறான். அந்த ஒரு வரிக்காக அந்தக் கடிதம்.

ஆகவே எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்பது, இந்த மனிதரை எந்த வயதில், எந்தத் தெருவில் முதலில் சந்திப்பது என்று கேட்பது மாதிரிதான்.

நேராக 'யுலிசிஸ்' என்று போகிறவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. உச்சியில் இருப்பது அதுதான். பதினெட்டு அத்தியாயம், ஒரே ஒரு நாள், 1904 ஜூன் 16. நோராவுடன் முதன்முதலாக வெளியே நடக்கப் போன தேதி அது. சில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண்மணி பாரிஸில் நடத்திய சிறிய புத்தகக் கடைதான் இதை வெளியிட்டது. அதற்கு முன்பே பகுதிபகுதியாக வெளியிட்ட அமெரிக்கப் பத்திரிகையை ஆபாசம் என்று நியூயார்க் நீதிமன்றம் தண்டித்திருந்தது, அதனால் வேறு யாரும் தொடத் துணியவில்லை. தீஷோன் நகர அச்சகத்திலிருந்து முதல் இரண்டு பிரதிகள் ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளன்று காலை ரயிலில் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் இது குற்றமில்லை என்று நீதிபதி உல்சி தீர்ப்பு எழுத 1933 டிசம்பர் ஆயிற்று. இப்படி ஒரு சரித்திரம் உள்ள புத்தகத்தை முதலில் தொடத் தோன்றுவது இயல்புதான்.

சிக்கல் எங்கே என்றால், நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள் ஸ்டீஃபன் டெடாலஸ் என்ற இளைஞனுடையவை. அவன் ஜாய்ஸின் முந்தைய நாவலின் நாயகன். அவனுக்கு என்ன ஆயிற்று, ஏன் பாரிஸ் போனான், ஏன் கறுப்பு உடை உடுத்தியிருக்கிறான், சாகும் தாய்க்காக மண்டியிட்டு ஜெபிக்க ஏன் மறுத்தான் என்பதெல்லாம் நமக்கு முன்பே தெரியும் என்பதுபோலப் பேச்சு ஓடுகிறது. மூன்றாவது அத்தியாயத்தில் கதை நகர்வதே இல்லை. கடற்கரையில் தனியாக நடந்துகொண்டு, அரிஸ்டாட்டில் தொடங்கி ஐந்தாறு மொழிகளில் அவன் யோசிக்கிறான். முதல் வரியே தத்துவப் பாடம். முன்பின் தெரியாத ஒருவனின் மண்டைக்குள் திடீரென்று இறக்கிவிடப்பட்டால் யாருக்கும் மூச்சு முட்டும்.

ஆனால் நாலாவது அத்தியாயத்தைப் பாருங்கள். காலை எட்டு மணி. லியோபோல்ட் ப்ளூம், முப்பத்தெட்டு வயது, பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் வேலை. மனைவி மாலிக்குக் காலை உணவு தயார் செய்துகொண்டிருக்கிறான். பூனை காலைச் சுற்றிவந்து கத்துகிறது. ஒவ்வொரு தடவையும் அதன் சத்தத்தை ஜாய்ஸ் வேறுவேறு எழுத்துக் கூட்டி எழுதுகிறார். பசி ஏற ஏறச் சத்தத்தில் எழுத்து கூடுகிறது. பூனைக்குத் தட்டில் பால் ஊற்றிவிட்டுக் கறிக்கடைக்குப் போய் ஒரு பன்றிச் சிறுநீரகம் வாங்கி வருகிறான். வாசலில் தபால் கிடக்கிறது. ஒரு கடிதம் மனைவிக்கு. அன்று மாலை அவளைப் பார்க்க வரப்போகிறவனிடமிருந்து. கையெழுத்தைப் பார்த்ததுமே ப்ளூமின் நெஞ்சு ஒரு கணம் தடுமாறுகிறது. அவன் ஒன்றும் கேட்பதில்லை. தேநீரை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். தான் படிக்கும் நாவலில் வந்த ஒரு கடினமான கிரேக்கச் சொல்லுக்கு அவள் அர்த்தம் கேட்கிறாள். ஆன்மா ஒரு உடலிலிருந்து இன்னொரு உடலுக்குப் போவது என்று விளக்கப் பார்க்கிறான். சாதாரண வார்த்தையில் சொல்லேன் என்கிறாள் அவள். மறுபிறப்பு என்ற ஒரே சொல்லில் நாம் முடித்துவிடுகிற விஷயம் அந்தப் படுக்கையறையில் அத்தனை பாடுபடுகிறது. அதற்குள் கீழே கருகும் வாசனை. ஓடிப்போய்ப் பார்த்தால் சிறுநீரகம் ஒரு பக்கம் பிடித்துவிட்டது. கருகினதை வெட்டிப் பூனைக்குப் போட்டுவிட்டு, மீதியை ரொட்டியால் குழம்பில் தோய்த்துத் தின்றபடி, முந்தின நாள் பதினைந்து வயதான மகளின் கடிதத்தைப் படிக்கிறான்.

இவ்வளவுதான் நடப்பது. ஒரு மனிதனின் முழுக் காலைப்பொழுதும், அவனுடைய கவலை, பசி, பாசம், பிறந்து பதினொரு நாளில் இறந்துபோன மகனின் ஞாபகம் எல்லாமும் அந்தச் சில பக்கங்களில் இருக்கின்றன. இதைப் படித்த பிறகுதான் இந்தப் புத்தகத்தை ஏன் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நான் இரண்டு முறை கைவிட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இது இருந்தது.

அப்படியானால் நாலாவது அத்தியாயத்திலேயே தொடங்கலாமா? சுவை பார்க்க, தாராளமாக. முழுதாகத் தொடர, வேண்டாம். பத்தாவது, பதினோராவது அத்தியாயம் வரும்போது ஊர் முழுக்க ஆட்கள் வந்துபோகிறார்கள், யாரும் நமக்கு அறிமுகப்படுத்தப்படுவதில்லை. பதினைந்தாவது அத்தியாயம் நாடக வடிவில், கனவும் நனவும் கலந்து, புத்தகத்திலேயே மிக நீளமாக ஓடுகிறது. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேரை நமக்கு முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது வழி 'போர்ட்ரெய்ட்'. பேராசிரியர்களும் பாடத்திட்டங்களும் பெரும்பாலும் இதைத்தான் கையில் கொடுக்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஜாய்ஸின் சொந்த வாழ்க்கைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இதுதான். ஐந்தே அத்தியாயம். நாயகன் வளர வளர மொழியும் வளர்கிறது: முதல் பக்கம் ஒரு குழந்தைக்கு அப்பா சொல்லும் மாட்டுக் கதை, கடைசிப் பக்கங்கள் ஊரைவிட்டுப் போகத் துணிந்த இளைஞனின் நாட்குறிப்பு. இரண்டு காட்சிகளை என்றும் மறக்க முடியாது. ஒன்று, கிறிஸ்துமஸ் விருந்தில் பார்னல் விஷயமாக வெடிக்கும் சண்டை. அயர்லாந்தின் பெரும் தலைவர் பார்னல், இன்னொருவர் மனைவியுடனான உறவு வெளியே வந்ததும் பாதிரியார்களாலும் கட்சிக்காரர்களாலும் கைவிடப்பட்டு 1891இல் இறந்தார். ஒரே சாப்பாட்டு மேசையில் அவர் பக்கம் அழுகிறவரும், திருச்சபை பக்கம் கத்துகிறவரும் உட்கார்ந்திருக்க, நடுவில் முதன்முதலாகப் பெரியவர்களோடு உட்கார அனுமதி கிடைத்த ஒரு சின்னப் பையன். இன்னொன்று, கண்ணாடி உடைந்ததால் எழுத முடியாதவனைச் சோம்பேறி என்று சொல்லிப் பாதிரியார் உள்ளங்கையில் அடிப்பது. அடி விழுந்த கை சுருண்டு நடுங்குவதைப் படிக்கும்போது நம் கை தானாக மடங்கும்.

ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு இடமும் முக்கியம். கல்லூரியில் ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவர் விளக்கில் எண்ணெய் ஊற்றும் புனலைப் பற்றிப் பேசுகிறார். ஸ்டீஃபன் அதற்கு வேறொரு சொல்லைச் சொல்கிறான். அப்படி ஒரு சொல்லா, அயர்லாந்தில் அப்படிச் சொல்வார்களா என்று அவர் வியக்கிறார். அவனுக்குச் சுருக்கென்கிறது. நாங்கள் பேசும் மொழி எனக்கு முன்பே அவருடையது, அது எனக்கு எப்போதும் கற்றுக்கொண்ட பேச்சாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறான். பல பக்கங்கள் தள்ளி நாட்குறிப்பில் எழுதுகிறான்: அகராதியில் பார்த்தேன், அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல்தான். சொந்த மொழியைத் தனக்கே கற்றுத்தர வந்தவரைவிட அவனுக்கு அந்த மொழி நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்த இடத்துக்காகவே இந்த நாவலைப் படிக்கலாம்.

ஆனாலும் முதல் புத்தகமாக இதை நான் சொல்லமாட்டேன். மூன்றாவது அத்தியாயத்தில் நரகத்தைப் பற்றிய பிரசங்கம் பக்கம் பக்கமாகப் போகிறது. ஐந்தாவதில் அழகியல் தத்துவம். அதைவிட முக்கியம், ஸ்டீஃபன் நெருங்கிப் பழகக் கஷ்டமான ஆள். கெட்டிக்காரன், கர்வி, தன்னைத் தவிர யாரையும் முழுதாகப் பார்க்காதவன். ஜாய்ஸ் அவனை அப்படித்தான் எழுதியிருக்கிறார், தெரிந்தே. முதல் அறிமுகம் இவன் மூலம் நடந்தால், ஜாய்ஸே இப்படித்தான் என்று நினைத்துவிடுவோம். அவர் எவ்வளவு கனிவானவர் என்பது தெரியாமலே போய்விடும்.

ஃபின்னெகன்ஸ் வேக் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பதினேழு வருட உழைப்பு. கண் அறுவைச் சிகிச்சை மேல் சிகிச்சை, மகள் லூசியாவின் மனநோய், பணக் கஷ்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் எழுதப்பட்டது. பல மொழிகளைப் பிசைந்து செய்த மொழி. கடைசி வாக்கியம் பாதியில் நின்று முதல் வாக்கியத்தில் போய்ச் சேர்கிறது. அவரைப் பண உதவியால் தாங்கி நின்ற ஹேரியட் ஷா வீவருக்கே இதில் நம்பிக்கை தளர்ந்தது. முதலில் இதை எடுக்க வேண்டாம். ஆசை இருந்தால், இதிலிருந்து ஒரு பகுதியை 1929இல் ஜாய்ஸே வாசித்துப் பதிவு செய்திருக்கிறார், சுமார் எட்டு நிமிடம். ஆற்றங்கரையில் துணி துவைக்கும் இரண்டு பெண்கள் பேசிக்கொள்வது. அர்த்தம் தேடாமல் கண்ணை மூடிக் கேளுங்கள். இளமையில் போட்டியில் பாடிப் பதக்கம் வாங்கிய குரல் அது.

இனி 'டப்ளினர்ஸ்'. என் ஓட்டு இதற்குத்தான்.

பதினைந்து கதைகள். முதலில் சிறுவர்கள், பிறகு இளைஞர்கள், நடுவயதுக்காரர்கள், கடைசியில் பொது வாழ்க்கை என்று ஜாய்ஸ் வேண்டுமென்றே அடுக்கினார். ஆரம்பம் 1904இல். ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற மூத்த கவிஞர், தான் சம்பந்தப்பட்டிருந்த 'ஐரிஷ் ஹோம்ஸ்டெட்' என்ற விவசாயப் பத்திரிகைக்கு, வாசகர்களை அதிர வைக்காத எளிய கதை ஏதாவது எழுதித் தரமுடியுமா, ஒரு பவுண்டு கிடைக்கும் என்று கேட்டார். மூன்று கதை வந்தது. வாசகர்கள் முணுமுணுத்ததால் அத்தோடு போதும் என்றார்கள். புத்தகமாக வெளிவர இன்னும் பத்து வருடம். 1905இல் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற லண்டன் பதிப்பாளருக்கு அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள், அச்சடிப்பவர் ஆட்சேபித்தார், கைவிட்டார்கள். டப்ளினின் மான்செல் நிறுவனம் 1909இல் ஒப்பந்தம் போட்டது. உண்மையான கடைகள், சாராயக்கடைகள் பெயர் வருகிறதே, ஏழாம் எட்வர்ட் மன்னரைப் பற்றி ஒரு பாத்திரம் மரியாதை இல்லாமல் பேசுகிறதே என்று இழுத்தடித்தது. பொறுக்க முடியாமல், அந்த வரிகள் உங்கள் தந்தையைப் புண்படுத்துமா என்று 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கே ஜாய்ஸ் எழுதிக் கேட்டார். இதில் கருத்துச் சொல்வது மன்னருக்கு முறையல்ல என்று செயலரிடமிருந்து பதில் வந்தது. 1912இல் அச்சடித்த தாள்கள் அத்தனையும் அழிக்கப்பட்டன. அன்றிரவே டப்ளினை விட்டுப் போனவர் பிறகு திரும்பவே இல்லை. கடைசியில் 1914இல், முதலில் கைவிட்ட அதே கிராண்ட் ரிச்சர்ட்ஸ்தான் வெளியிட்டார்.

இவ்வளவு கலவரத்தைக் கிளப்பிய கதைகள் எப்படி இருக்கின்றன? சத்தமே போடாமல் இருக்கின்றன. 'அரபி' என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறேழு பக்கம்தான். நண்பனின் அக்காவை மனதுக்குள் ஆராதிக்கும் ஒரு பையன், அவளால் போக முடியாத சந்தைக்குத் தான் போய் அவளுக்கு ஏதாவது வாங்கி வருவதாகச் சொல்கிறான். மாமா காசு கொடுக்க வேண்டும். மாமா மறந்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிறார், கொஞ்சம் குடித்திருக்கிறார். இரண்டு ஷில்லிங் நாணயம் ஒன்று கிடைக்கிறது. ரயிலேறிப் போனால் மணி பத்தாகப் போகிறது. ஆறு பென்ஸ் நுழைவாயிலைத் தேடிப் பார்க்க நேரமில்லை, ஒரு ஷில்லிங் கொடுத்து உள்ளே ஓடுகிறான். கடைகள் முக்கால்வாசி மூடியாயிற்று, பாதி மண்டபம் இருட்டு. ஒரு கடையில் விற்பனைப் பெண் இரண்டு ஆண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், ஆங்கிலேய உச்சரிப்பில். என்ன வேண்டும் என்று ஒப்புக்குக் கேட்கிறாள். ஒன்றும் வேண்டாம் என்கிறான். பையில் இரண்டு பென்னியை ஆறு பென்ஸ் நாணயத்தின் மேல் விழ விடுகிறான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஷில்லிங் என்றால் இருபத்துநாலு பென்னி. பன்னிரண்டு நுழைவுக்குப் போனது. பையில் எட்டு இருக்கிறது. அப்படியென்றால் ரயிலுக்கு நாலு போயிருக்கிறது, அதை ஜாய்ஸ் எங்கேயும் சொல்லவில்லை. திரும்பிப் போக நாலு, அவளுக்கு என்று மிஞ்சுவது வெறும் நாலு பென்னி. அந்தப் பையனின் அவமானம் முழுவதும் அந்த நாணயச் சத்தத்தில் இருக்கிறது. 1894 மே மாதம் டப்ளினில் நிஜமாகவே அந்தப் பெயரில் ஒரு சந்தை நடந்தது. அப்போது ஜாய்ஸுக்குப் பன்னிரண்டு வயது.

இதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது 'ஈவ்லின்'. குடிகார அப்பா, செத்துப்போன அம்மா, தம்பி தங்கைகளின் பொறுப்பு. ஒரு மாலுமி அவளைக் கல்யாணம் செய்து ப்யூனஸ் ஏர்ஸுக்கு அழைத்துப் போகத் தயாராக இருக்கிறான். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதுகிறது. அவன் கூப்பிடுகிறான். அவள் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு நிற்கிறாள். போகவில்லை. முகத்தில் அன்பும் இல்லை, விடைபெறுவதும் இல்லை, அவனைத் தெரிந்த அடையாளமே இல்லை.

இந்தக் கதை பத்திரிகையில் வந்தது 1904 செப்டம்பர் 10. அடுத்த மாதம் 8ஆம் தேதி, கதையில் வரும் அதே நார்த் வால் துறைமுகத்தில், நோரா பார்னக்கிள் கப்பலேறினார். கல்யாணம் ஆகவில்லை. ஜாய்ஸிடம் பணமும் இல்லை, உறுதியான வேலையும் இல்லை. நோரா கூட வருவது ஜாய்ஸின் அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று இருவரும் தனித்தனியாக ஏறினார்கள். ஈவ்லின் செய்ய முடியாததை நோரா செய்தார். கதையை எழுதியவருக்கு, ஒரு பெண் அந்தக் கம்பியை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. கதையைப் படித்துவிட்டு இந்தத் தேதிகளைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கடைசிக் கதை 'தி டெட்'. சுமார் ஐம்பது பக்கம், குறுநாவல் என்றே சொல்லலாம். 1906இல் ரோமில் ஒரு வங்கியில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தபோது, டப்ளினிடம் ரொம்பக் கடுமையாக நடந்துகொண்டுவிட்டோமோ, அதன் விருந்தோம்பலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே என்று தம்பிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மறுவருடம் ட்ரியெஸ்டில் இந்தக் கதை. வயதான இரண்டு அத்தைகளின் வீட்டு விருந்து, பாட்டு, நடனம். முடிந்து ஓட்டல் அறைக்கு வந்ததும், விருந்துக்குப் போன கணவனிடம் அவன் மனைவி, என்றோ தன்னைக் காதலித்துச் செத்துப்போன ஒரு பையனைப் பற்றி அழுதுகொண்டே சொல்கிறாள். நோராவுக்குக் கால்வேயில் இளவயதில் இறந்த அப்படி ஒருவர் உண்டு, மைக்கேல் பாட்கின் என்று பெயர். மனைவியின் மனதில் ஒரு செத்தவன் தன்னைவிட உயரமாக நிற்கிறான் என்று உணரும் கணவனின் பொறாமை, மெல்ல மெல்ல இரக்கமாக மாறுகிறது. வெளியே அயர்லாந்து முழுக்கப் பனி பெய்கிறது. இதை எழுதும்போது ஜாய்ஸுக்கு இருபத்தைந்து வயது. எத்தனை தடவை படித்தாலும் அதை நம்ப முடியவில்லை.

வாழ்க்கை வரலாற்றை முதலில் படிப்பது நாலாவது வழி. ரிச்சர்ட் எல்மன் எழுதியது (1959, திருத்திய பதிப்பு 1982) எண்ணூறு பக்கத்துக்கு மேல். ஆனால் விறுவிறுவென்று போகும். பிரெண்டா மடாக்ஸ் எழுதிய நோராவின் வரலாறும் அருமையானது. ஜாய்ஸ் என்ற பெரிய மரத்தின் நிழலில் நின்ற பெண்ணை அதில் வெளிச்சத்தில் பார்க்கலாம். இவற்றை முதலில் படிப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பாட்கினைப் பற்றித் தெரிந்துகொண்டு 'தி டெட்' படித்தால், கதையில் வருவது யார் என்று தேடிக்கொண்டே இருப்போம். அந்த ஓட்டல் அறையில் கணவனோடு சேர்ந்து நமக்கும் தூக்கிவாரிப்போட வேண்டும், அது நடக்காது. முதலில் கதை, பிறகு அந்த வருடத்து வாழ்க்கை. இப்படிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எல்மன் மாதிரித் துணை கிடையாது. (இப்போது பாட்கினைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். அவரை மறந்துவிட்டு அந்தக் கதையைப் படிக்க முயலுங்கள்.)

என் வரிசை இதுதான். முதலில் 'டப்ளினர்ஸ்', ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம். அப்புறம் 'யுலிசிஸ்' நாலாவது அத்தியாயம் மட்டும், ருசிக்காக. இப்போது 'போர்ட்ரெய்ட்': ப்ளூமின் சமையலறையை ஒருமுறை பார்த்துவிட்டவருக்கு ஸ்டீஃபனின் கர்வம் உறுத்தாது, அவன் எங்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது என்று தெரிந்திருக்கும். கடைசியில் 'யுலிசிஸ்' முதல் பக்கத்திலிருந்து. மூன்றாவது அத்தியாயம் புரியவில்லை என்றால் புரியாமலே தாண்டிப் போகலாம், திரும்பி வரலாம். வாய்விட்டுப் படியுங்கள். ஜாய்ஸின் நூற்றாண்டுக்காக 1982இல் அயர்லாந்து வானொலி முழு நாவலையும் நடிகர்களை வைத்து வாசித்து ஒலிபரப்பியது, ஏறத்தாழ முப்பது மணி நேரம். சிக்கலான அத்தியாயங்களில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் யார் பேசுகிறார் என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். குறிப்புகளோடு வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட 1922 பதிப்பின் மறு அச்சு நல்லது. காப்புரிமை முடிந்துவிட்டதால் 'டப்ளினர்ஸ்', 'போர்ட்ரெய்ட்', 'யுலிசிஸ்' மூன்றின் மூலமும் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அவசரம் வேண்டாம். சூரிச்சில் நண்பர் ஃபிராங்க் பட்ஜென் ஒருநாள் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, நாள் முழுக்க உழைத்து இரண்டு வாக்கியம் எழுதினேன் என்றாராம். சரியான சொல்லைத் தேடினீர்களா என்றதற்கு, சொற்கள் ஏற்கெனவே கிடைத்துவிட்டன, அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்றுதான் தேடுகிறேன் என்றார். எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றி வைத்தால் தொனியே மாறும் என்பதைப் பேச்சிலேயே பழகிய தமிழருக்கு, ஆங்கிலத்தில் அதைச் சாதிக்க அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

டப்ளினர்ஸை ஏன் முதலில் வைக்கிறேன் என்பதற்கு இன்னொரு காரணம், பிறகு வருகிறேன் என்று முன்பு சொன்னது. ப்ளூமின் கதை முதலில் 'டப்ளினர்ஸ்' தொகுப்புக்கான ஒரு சிறுகதையாகத்தான் 1906இல் ரோமில் ஜாய்ஸ் மனதில் தோன்றியது. அன்று தலைப்போடு நின்றுபோன அது பதினாறு வருடம் கழித்துப் பெரிய நாவலாக வந்தது. அதனால் அந்தச் சிறுகதைகளில் வந்தவர்கள் 'யுலிசிஸ்' தெருக்களில் சாதாரணமாக நடமாடுகிறார்கள். ஆறாவது அத்தியாயத்தில் ஒரு சாவுக்கு நாலு பேர் குதிரை வண்டியில் போகிறார்கள். ப்ளூம், ஸ்டீஃபனின் அப்பா, அப்புறம் மார்ட்டின் கன்னிங்ஹாம், ஜாக் பவர். பேச்சு தற்கொலை பக்கம் திரும்புகிறது. குடும்பத்துக்கே அதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்கிறார் பவர். ப்ளூமின் அப்பா விஷம் குடித்துச் செத்தவர் என்பது அவருக்குத் தெரியாது. கன்னிங்ஹாமுக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது, இரக்கத்தோடுதான் பார்க்க வேண்டும் என்று சட்டென்று பேச்சை மென்மையாக்குகிறார். ப்ளூம் வாய் திறக்கவில்லை. நல்ல மனிதர் என்று நினைத்துக்கொள்கிறான், கூடவே அந்த மனிதரின் குடிகார மனைவியையும் நினைக்கிறான்: வீட்டுச் சாமானை அவள் அடகு வைப்பதும், இவர் மறுபடி மறுபடி வாங்கி வீட்டை நிரப்புவதும். 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் 'கிரேஸ்' கதையைப் படித்தவருக்கு அந்த வீடு ஏற்கெனவே தெரியும். ஆறு தடவை நிரப்பிய வீடு.